கடல் பக்கச் சுவருக்கு ஒரு பெயிண்ட்

அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, செக்ரட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்துக்குச் செயலாளராக வேறு யாரும் முன்வராததால் அவர் தலையில் விழுந்த பதவி அது. மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது, அல்லது வேலை இருப்பதாகச் சொல்லிக்கொள்ளத் தெரிந்திருந்தது. இவர் ஓய்வு பெற்றவர், போதாக்குறைக்கு வாய் சாமர்த்தியமும் கிடையாது. ஆனாலும் உள்ளுக்குள் அந்தப் பதவி அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அது ஏன் என்று சொல்லாமல் மேலே போனால் நடந்தது எதுவும் புரியாது.

வேலையில் இருந்தபோது அவர் துறைமுகக் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவர். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டியும் மூட்டையும் அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே போகும். ஒரு வருஷம் செம்புக் கம்பிச் சுருள்கள் சில காணாமல் போயின. எப்படிப் போயின, யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. விசாரணை வந்தது. அந்தப் பிரிவில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கடைசியில் இவர் விஷயத்தில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதி முடித்தார்கள். 'குற்றம் இல்லை' என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர்கள் வீட்டுச் சொத்தா கரைந்துபோயிருக்கும்? எழுதவில்லை, அவ்வளவுதான். அவரைத் தூக்கிப் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறையில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை தும்மிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் அவர் டம்ளரோடு போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசைப் பேச்சு தணிந்துவிடும்.

அந்த நாட்களில் அவர் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'நீங்க எடுத்தீங்களா?' என்று கேட்கவில்லை. 'அய்யோ, உங்க மேல போய் இப்படிச் சொல்லிட்டாங்களே' என்றும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். ஊரே சந்தேகப்படட்டும், வீட்டில் நம்மை நம்ப ஒருத்தி இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த ஒரு நினைப்புதான் மனுஷனை நிமிர்ந்து நடக்க வைத்தது.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? கை சுத்தமான ஆள் என்று நாலு பேர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அதை அவளும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். செக்ரட்டரி பதவியில் அவருக்கு இருந்த ருசி அதுதான். காசு புழங்குகிற இடம். அங்கே கை கறைபடாமல் இருந்து காட்டினால் யாராவது கவனிக்காமலா போவார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கும் வேலை வந்தது.

நாலு மாடிக் கட்டடம், முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பது. வருஷம் பூராவும் உப்புக் காற்று. வெயில் காலத்தில் வியர்வை காயாது, துணி காயாது, சுவரும் காயாது. ஜன்னல் கம்பிகளில் துரு செதில் செதிலாக எழும்பும், புது ஆணி ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். கடல் பக்கச் சுவரில் பழைய பெயிண்ட் வெயிலில் வெளுத்துத் தோல் உரிந்து தொங்கியது. தண்ணீர்க் குழாய் இறங்குகிற இடமெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பாசி. விருந்தாளி வந்தால் முன்வாசல் வழியாக அழைத்துப் போய் அப்படியே அனுப்பிவிடுவார்கள், பின்பக்கம் காட்டமாட்டார்கள்.

பெயிண்ட் அடிக்கலாம் என்றதும் எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள். இரண்டாம் மாடி டீச்சருக்கு வெளிர் பச்சை வேண்டும். அவருக்கு எதிர் வீட்டுக்காரருக்குக் கருஞ்சிவப்பு, அழுக்குத் தெரியாதாம். வெயிலைக் குடித்துக் கருஞ்சிவப்பு ஒரே வருஷத்தில் வெளிறிப்போகும், வீட்டுக்குள்ளும் அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று செக்ரட்டரி சொன்னால், 'உங்களுக்கு ரசனையே இல்ல சார்' என்றார் அவர். தரைத்தளத்தில் இருந்த ஹார்டுவேர் கடைக்காரர் நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எந்த நிறம் என்றாலும் தன் கடையில் வாங்கினால் சரி.

"எதுக்கு சார் அலையுறீங்க? தெருமுனையில நம்ம கடை இருக்கு. போன் போட்டா டின் வந்து இறங்கிடும்" என்றார்.

"கொடுக்கலாம் சார், தப்பில்ல. ஆனா இந்தக் காத்துக்கு எது தாங்கும்னு முதல்ல பாக்கணும்ல?"

"எல்லாத்துலயும் ஏழு வருஷம் காரன்ட்டின்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கு சார். கடல் அதைப் படிச்சுப் பாக்குமா?"

ஹார்டுவேர் சிரித்தார். சிரித்ததோடு சரி, அந்தப் பதில் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

செக்ரட்டரி ஒரு காரியத்தில் இறங்கினால் அதன் எலும்புவரை போய்ப் பார்த்துவிடுகிறவர். காலையில் நடக்கப் போகிறவர் கடற்கரைத் தெருவில் கண்ட வீட்டுச் சுவரையெல்லாம் உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தார். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அந்தப் பெயிண்டின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் கதவைத் தட்டி, என்ன பெயிண்ட், அடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று விசாரிப்பார். ஒரு வீட்டம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க அது, வந்து எங்க சுவத்தத் தடவிட்டு நிக்கிறது?" என்று கத்தியதில் தெருவே கூடிவிட்டது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஓடினார். அடுத்த நாள் காலையில் அதே தெருவின் மறுபக்கத்துச் சுவர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விசாரித்து நாலு பெயிண்டைப் பொறுக்கி எடுத்தார். பேச்சால் முடிவு செய்யக் கூடாது, சுவரே சொல்லட்டும் என்று கட்டடத்தின் பின்சுவரில், ஆள் உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் நாலு கட்டம் போட்டார். தானே உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் பழைய பூச்சைச் சுரண்டினார். சுவரில் படிந்த உப்பு போகக் கழுவ வேண்டும். அங்கே தண்ணீர் இரண்டு விதம். குடிக்கவும் சமைக்கவும் லாரியில் வாங்கி ஒரு தொட்டியில் நிரப்புவார்கள். வண்டி கழுவ, கழிவறைக்கு ஊற்ற என்று மற்ற எல்லாவற்றுக்கும் கட்டடத்தின் ஆழ்குழாய்த் தண்ணீர். சங்கத்தின் தண்ணீர் எதையும் தன் சோதனைக்குத் தொடக் கூடாது என்று, தன் வீட்டுச் சமையலறையில் பிடித்து வைத்திருந்ததை வாளியில் இறக்கிக் கொண்டுவந்தார். அவ்வளவு நியாயம் பார்க்கிற மனுஷன். கழுவி, நன்றாகக் காயவிட்டு, ப்ரைமர் அடித்து, இரண்டு கோட்டு கொடுத்தார். நாலும் ஒரே வெளிர் சந்தன நிறம். எது எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்களை மட்டும் எழுதினார். பெயரைப் பார்த்தால் மனசு சாயும் என்று அவருக்கு எண்ணம்.

"இப்ப என்ன பண்ணப் போறோம்?" என்றார் டீச்சர்.

"ஒரு வெயில், ஒரு மழை. அப்புறம் பாப்போம்."

வெயில் வந்தது, மழையும் வந்தது. அதுவரை அவரைக் கிண்டல் பண்ணாத வாய் இல்லை. 'சுவருக்கு ஜாதகம் பாக்குறார்' என்றார்கள். 'கட்டடம் விழுந்தப்புறம் கலர் சொல்வார்' என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்று அந்த நாலு கட்டங்களையும் பார்த்துவிட்டு வருவார். "உங்க பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்று மனைவி கேட்பாள். அவருக்குச் சிரிப்பு வரும். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கேலியைக்கூட இரண்டு பேரும் வலிக்காமல் பேசப் பழகியிருந்தார்கள்.

மழை நின்றதும் எல்லோரையும் பின்சுவருக்குக் கூட்டினார். ஒன்றாம் கட்டத்தைத் தொட்டால் விரல் வெள்ளையானது. இரண்டில் பாசி படர்ந்து பச்சையாக ஒழுகியிருந்தது. நாலில் மெல்லிய வெடிப்பு. மூன்று மட்டும் நேற்று அடித்த மாதிரி இருந்தது. எல்லோரும் கையைத் தூக்கினார்கள், மூன்றுதான் என்றார்கள். ஹார்டுவேரும் மூன்றுக்குத்தான் கை தூக்கினார். அதன்பிறகுதான் செக்ரட்டரி கம்பெனிப் பெயர்களைச் சொன்னார். பாசி பிடித்து நின்ற இரண்டாம் கட்டம், ஹார்டுவேர் கடைச் சரக்கு.

ஹார்டுவேருக்கு முகம் செத்துப்போயிற்று.

வேலை ஆரம்பித்தது. செக்ரட்டரி சாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டின்னின் மூடி அவர் முன்னால்தான் திறக்க வேண்டும். பெயிண்டில் அளவுக்கு மேல் தண்ணீர் கலக்கக் கூடாது. சுவர் ஈரமாக இருந்தால் தூரிகையைத் தொடக் கூடாது. போதாததற்கு, லாரித் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். வேலைக்காரர்கள் குடிநீரை வீணடிக்கிறார்கள் என்று அதற்கு முந்தைய வேலையில் புகார் வந்திருந்தது. 'வேலைக்கும், கை கால் கழுவவும் ஆழ்குழாய்த் தண்ணீர் மட்டும்' என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சங்கத்துக் காசில் ஒரு சொட்டுக்கூட வீணாகவிடமாட்டேன் என்று அவருக்குப் பிடிவாதம்.

பாதி வேலையில் ஒருநாள், பெயிண்ட் வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் செக்ரட்டரி வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு துணிப்பை.

"சார், எல்லா இடத்துலயும் செய்யுறதுதான். வச்சுக்கோங்க."

செக்ரட்டரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினால் மாடி முழுக்கக் கேட்கும், கேட்டவர்கள் பாதியைக் கேட்டு மீதியைத் தாங்களே இட்டுக் கட்டுவார்கள். குரலைத் தணித்து, "இதை எடுத்துட்டு இறங்கு. இன்னொரு தடவை கொண்டு வந்தா வேலையை நிறுத்திடுவேன்" என்று படிவரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"யாருங்க அது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து தலையை நீட்டி.

"காண்ட்ராக்டர். ஏதோ கணக்குக் கேக்க வந்தான்."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? லஞ்சம் என்ற சொல்லை அவள் முன்னால் எடுக்கவே அவருக்குக் கூச்சம். எடுத்தால் கிடங்கும் கூடவே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். அவளும் மேலே கேட்கவில்லை.

வேலை முடிந்து சாரம் பிரித்தபோது கட்டடம் ஜொலித்தது. சும்மா சொல்லக் கூடாது, கடற்கரையில் நடக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். மீந்துபோன இரண்டு டின்களை, பின்னால் எங்காவது பூச வேண்டி வந்தால் உதவும் என்று செக்ரட்டரி தன் வீட்டு பால்கனியில் கொண்டுவந்து வைத்தார். பின்சுவரில் அந்த மூன்றாம் கட்டத்தை மட்டும் புதுப் பூச்சு போடாமல் விடச் சொல்லியிருந்தார், எத்தனை நாள் தாங்குகிறது பார்க்கலாம் என்று.

ஒருநாள் சாயங்காலம் படியில் டீச்சர், அவர் மனைவியை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு கை சுத்தமான மனுஷரை நான் பாத்ததில்ல" என்றார். செக்ரட்டரி இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல். மனைவி சிரித்தாள். "ஆமாங்க" என்றாள். அன்றைக்கு அவர் இரண்டு தடவை டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த மழை வரைக்கும்தான்.

முதலில் கடல் பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு அவை உடைந்தன. உடைந்த இடத்தில் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து கீழே விழுந்தது. ஒரு பாளம் ஹார்டுவேரின் கார் மேலேயே விழுந்தது, பொருத்தமாக. அவர் அதை எடுத்து வாசல் திண்டில் எல்லோரும் பார்க்க வைத்தார்.

பேச்சு கிளம்பிவிட்டது. எவ்வளவு வேகமாகக் கிளம்பியது என்றால், அது ஏற்கெனவே எங்கேயோ தயாராக இருந்திருக்க வேண்டும்.

"அப்பவே நினைச்சேன். எதுக்கு நம்பர் மட்டும் எழுதணும்? பேரை ஏன் மறைக்கணும்?" என்றார் ஹார்டுவேர்.

கை தூக்கியதை எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். கேட்டால், 'அவர் காட்டினதுக்குத் தூக்கினோம்' என்றார்கள். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவர் செய்த காரியமே சந்தேகத்துக்கு முதல் சாட்சியாயிற்று. பால்கனியிலிருந்த டின்கள் இரண்டாம் சாட்சி. 'நம்ம காசுல வாங்கின டின் அவர் வீட்டுல ஏன் இருக்கு?' காண்ட்ராக்டர் அவர் வீட்டுக்குப் பையோடு போனதை யாரோ பார்த்திருந்தார்கள். பையோடு திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க ஒருத்தனுக்குக் கண் இல்லாமல் போயிற்று, பாருங்கள். கடைசியில் துறைமுகத்தில் வேலை பார்த்த யாரோ ஒருவரின் மைத்துனர் மூலம் செம்புக் கம்பிக் கதையும் வந்து சேர்ந்தது.

டீச்சர் இப்போது படியில் அவரைப் பார்த்தால் கைப்பையில் சாவியைத் தேடினார்.

செக்ரட்டரி இரண்டு நாள் வெளியே வரவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கீழே பெயிண்ட் பாளம் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சங்கம் அவசரக் கூட்டம் போட்டிருப்பதாகவும், அவர் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்தன்று காலையில் அவர் பின்சுவருக்குப் போனார். மூன்றாம் கட்டத்தைப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. கையால் தேய்த்தார், ஒட்டவில்லை. நகத்தால் கீறினார், பெயரவில்லை. அதற்கு ஒரு சாண் தள்ளி அதே பெயிண்ட், அதே கம்பெனி, அவர் கண் முன்னால் திறந்த டின், மொத்தமாக உரிந்து தொங்கியது. ஒரு பாளத்தைப் பிய்த்து அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

அங்கேயே நின்றபடி மேஸ்திரிக்குப் போன் போட்டார். காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஆள், நல்ல வேலைக்காரன்.

"மேஸ்திரி, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்தைக் கழுவுனீங்கள்ல?"

"நல்லா கழுவினோம் சார். ரெண்டு தடவை. நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே."

"எந்தத் தண்ணி?"

"போர் தண்ணிதான் சார். நீங்கதானே அந்தத் தொட்டியைப் பூட்டிட்டீங்க? போர்டு வேற போட்டீங்க."

செக்ரட்டரி போனை வைத்துவிட்டார்.

கடல் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் துவைத்த துணிகூட விறைத்து நிற்கும். சுவரில் இருந்த உப்பைக் கழுவுகிறோம் என்று சொல்லி, இரண்டு தடவை உப்புத் தண்ணீரையே சுவருக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எந்தப் பெயிண்டை அடித்தால் என்ன, உள்ளே இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்து அதை வெளியே தள்ளிவிடும். சோதனைக் கட்டத்துக்கு மட்டும் அவர் வீட்டுச் சமையலறைத் தண்ணீர். பெயிண்டில் குற்றம் இல்லை. காண்ட்ராக்டர் மேலும் குற்றம் இல்லை. பூட்டிய பூட்டும் எழுதிய போர்டும் அவருடையவை. யோசிக்காத மண்டையும் அவருடையதுதான்.

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவருக்குச் சந்தோஷம் பொங்கியது. நம்ப முடியவில்லைதான், ஆனால் அதுதான் உண்மை. தான் திருடன் இல்லை, வெறும் முட்டாள் என்பதற்குச் சுவரிலேயே ஆதாரம் இருக்கிறது. இந்தத் தடவை யாரும் 'ஆதாரம் இல்லை' என்று எழுத முடியாது. வந்து நக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாடிப்படியில் மூச்சு வாங்க வாங்க ஏறினார். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேளு, கேளு. கண்டுபிடிச்சிட்டேன்."

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கழுவினது, பூட்டு, போர்டு, உப்பு, நாக்கு. பிய்த்துக்கொண்டு வந்த பாளத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்தது. எத்தனையோ நாளாக அவள் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

"அப்பாடா. இது நல்லா இருக்குங்க" என்றாள்.

"என்ன நல்லா இருக்கு?"

"இந்தக் காரணம்தான். இதையே சொல்லுங்க. தப்பு உங்க மேலன்னு நீங்களே சொல்லிட்டா, அதுக்கு மேல யாரும் தோண்டமாட்டாங்க. அந்தச் சுவத்தையும் காட்டுங்க." பாளத்தைப் பத்திரமாகக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "பையைப் பத்தி யாராவது கேட்டா, நான் வாசல்லயே நின்னேன், அப்படி எதுவும் வாங்கலன்னு சொல்லிடுறேன். நீங்க கவலைப்படாதீங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"நான் வாங்கல" என்றார்.

"சரிங்க."

"அவனைப் படி வரைக்கும் தள்ளிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்."

"அதான் நானும் சொல்றேன்ல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா போதும்." ஒரு சட்டையை எடுத்து உதறி மடித்தாள். குரலில் பிரியம் இருந்தது. அதுதான் கொடுமை. "நான் என்னைக்காவது உங்களைக் கேட்டிருக்கேனா? அப்பவும் கேக்கல. குடும்பத்துக்காகத்தான் செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கும் இப்படி ஒரு காரணத்தை யோசிச்சு வச்சிருந்தீங்கன்னா, உங்களைத் தூக்கி அந்த ரூம்ல போட்டிருக்க மாட்டாங்க."

செக்ரட்டரி கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். என்ன சொல்வது? இல்லை என்றால், சரிங்க என்பாள். சத்தியம் பண்ணினால், எதுக்குங்க அதெல்லாம் என்பாள். கோபப்பட்டால், பாவம், மாட்டிக்கொண்ட பயத்தில் கத்துகிறார் என்று நினைப்பாள். அவர் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டது எல்லாம் மன்னிப்பு. கேட்காத மன்னிப்பை அவள் இத்தனை வருஷமும் வேளாவேளைக்குச் சாப்பாட்டோடு பரிமாறியிருக்கிறாள், அவரும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

"நேரமாச்சு, வேற சட்டை போட்டுக்கோங்க" என்றாள்.

சாயங்காலம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம். நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஹார்டுவேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரி எழுந்து சொன்னார். குரல் தட்டையாக, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி வந்தது. அதுவே அவருக்கு நல்லதாகப் போயிற்று, நிதானமாகப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். எல்லோரையும் பின்சுவருக்கு அழைத்துப் போனார். கட்டத்தைக் காட்டினார், உரிந்ததைக் காட்டினார், பொடியைத் தொட்டு ருசிக்கச் சொன்னார். டீச்சர் ருசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஹார்டுவேரும் விரலை வைத்துப் பார்த்தார். தொழில் தெரிந்த மனுஷர், அவரால் மறுக்க முடியவில்லை.

"உப்புதான்" என்றார். "உப்புத் தண்ணில கழுவினா எங்க கடைச் சரக்கும் நிக்காது."

"தப்பு என்னோடதுதான். பூட்டுப் போட்டது நான்தான்" என்றார் செக்ரட்டரி.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பகை போய்விட்டிருந்தது. "சிக்கனம் பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சே சார்" என்றார் ஒருவர். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் தப்பாக நினைத்துவிட்டதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்த வெயிலில் நல்ல தண்ணீரில் கழுவி அதே பெயிண்டைத் திரும்ப அடிப்பது என்றும், அவரே செக்ரட்டரியாக இருந்து பார்த்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. ஹார்டுவேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டடத்தில் இருந்த ஒவ்வொருவரும் அவரை நம்பினார்கள்.

நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேரும் படியேறினார்கள். அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"நல்லா சொன்னீங்க" என்றாள். "ஒருத்தருக்கும் சந்தேகம் வரல."